வாசலில் நிற்பவர் கையில் என்ன காகிதம்?

"வாரண்டு வந்திருக்காம்!"

இந்த ஒரு சொல் வீட்டுக்குள் நுழைந்தால் போதும், அடுப்பில் கறி தீய்ந்தாலும் யாருக்கும் தெரியாது. மூத்தம்மா தஸ்பீஹைக் கையில் எடுத்துவிடுவார். பிள்ளைகள் உம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். வாப்பா கடையில் இருப்பார், அல்லது கட்டாரிலோ சவூதியிலோ இருப்பார். வாசலில் நிற்கும் காக்கிச் சட்டைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அவர் கையில் ஒரு காகிதம். அதில் சிங்களத்தில் என்னவோ எழுதி, அடியில் ஒரு முத்திரை. உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அது என்ன காகிதம்? அதற்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? காகிதமே இல்லாமல் ஒருவர் வந்தால் அவரை உள்ளே விட வேண்டுமா? இதெல்லாம் புறக்டர்மாரும் அப்புக்காத்துமாரும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். புறக்டர் வந்து சேரும்வரை கதவருகில் நிற்கப் போவது நீங்கள்தானே, சகோதரிகளே! அதிலும் மாத்தளை மாவட்டத்தில் இருக்கும் நாம் இதை ஒதுக்கவே கூடாது. ஒரு காகிதத்தின் அடியில் இருந்த கையெழுத்து யாருடையது என்று கேட்டு, இங்கிலாந்தின் பாராளுமன்றம் வரைக்கும் போன விவகாரம் நம்முடைய மாத்தளையில் நடந்ததுதான்.

கப்டன் வொட்சனின் கையெழுத்து

1848 ஆம் ஆண்டு. டொரிங்டன் பிரபு இலங்கையின் தேசாதிபதி. கோப்பி விலை விழுந்து அரசாங்கத்தின் பெட்டி காலியாக இருந்தது. புதிது புதிதாக வரிகள் வந்தன. துப்பாக்கி வைத்திருந்தால் வரி, நாய் வளர்த்தால் வரி, கடை வைத்திருந்தால் வருடத்துக்கு ஒரு பவுண் வரி. இவை போதாதென்று, வளர்ந்த ஆண் ஒவ்வொருவரும் வருடத்தில் 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு ஈடாகக் காசு கட்ட வேண்டும் என்று ஒரு சட்டம். கிராமத்துச் சிங்கள மக்களைத்தான் இவை மிகவும் வருத்தின. கடை வரியோ கடை வைத்திருந்த எல்லாரையும் தொட்டது. மாட்டுத் தவளம் ஓட்டி உப்பும் கருவாடும் கொண்டுவந்து, பாக்கும் மிளகும் ஏற்றிப்போன நம்முடைய மூதாதையருக்கும் அது புறம்பானதல்ல.

ஜூலை 26 ஆம் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு மன்னராக முடி சூட்டினார்கள். 28 ஆம் திகதி கூட்டம் மாத்தளை நகருக்குள் புகுந்து அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கியது. பட்டாளம் கண்டியிலிருந்து வந்தது. சில நாளில் எழுச்சி அடங்கிவிட்டது. வீர புரன் அப்பு பிடிபட்டு, ஓகஸ்ட் 8 ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாத்தளைப் பிள்ளைகளுக்கு இந்த வரை தெரியும். பாடசாலைப் புத்தகத்தில் இருக்கிறது.

நான் சொல்ல வருவது அதற்குப் பிந்தியதை. எழுச்சி அடங்கிய பிறகும் இராணுவச் சட்டம் நீங்கவில்லை, வாரக்கணக்கில் நீடித்தது. இராணுவச் சட்டம் என்றால் என்ன அர்த்தம்? நீதிபதி ஒருவர் ஆதாரத்தைப் பார்த்து, பெயரை எழுதி, கையெழுத்து வைத்த பிறகுதான் ஒரு மனிதனைப் பிடிக்கலாம் என்ற வரம்பு போய்விட்டது என்று அர்த்தம். பிடிப்பவரும் பட்டாளத்துக்காரர், விசாரிப்பவரும் பட்டாளத்துக்காரர், சுடுபவரும் பட்டாளத்துக்காரர். குடாபொல தேரர் என்ற பௌத்த துறவியை இப்படி விசாரித்து மரண தண்டனை விதித்தார்கள். சாட்சியம் நம்பத்தக்கதல்ல என்று வழக்கறிஞர்கள் கருதினார்கள். அரசாங்கத்தின் சொந்தச் சட்ட அதிகாரியாக இருந்த செல்பி என்பவரே தேசாதிபதியிடம் போய், தண்டனையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள் என்று கேட்டார். டொரிங்டன் கேட்கவில்லை. ஓகஸ்ட் 26 ஆம் திகதி அந்தத் துறவியை, காவி உடையோடேயே சுட்டார்கள். அரசாங்கத்தின் வக்கீலுக்கே செவி கொடுக்காத அதிகாரம், மாத்தளைக் கிராமத்தில் ஒரு விதவை போய் முறையிட்டால் கேட்குமா?

இனி அந்தக் காகிதத்துக்கு வருவோம். இராணுவச் சட்டம் நடந்த நாட்களில் மாத்தளையில் பொறுப்பாக இருந்தவர் கப்டன் வொட்சன். கிளர்ச்சிக்காரர் என்று கருதப்பட்டவர்களின் சொத்துக்களைப் பறிமுதல் செய்துகொண்டிருந்தார்கள். அப்போது சிங்களத்தில் எழுதிய அறிவித்தல்கள் வெளிவந்தன. பறிமுதல் செய்யப்பட வேண்டிய ஒரு பிரதானியின் பொருட்களை யாராவது மறைத்து வைத்திருந்தால் அவருக்கு மரணம், அவருடைய சொத்தும் போகும் என்பது அவற்றின் சாரம். அடியில் கப்டன் வொட்சனின் கையெழுத்து.

பொருளை மறைத்ததற்கு மரணமா? எந்தச் சட்டத்தில் இருக்கிறது? எந்த நீதிமன்றம் சொன்னது? அன்று யாரும் கேட்க முடியவில்லை. ஆனால் இந்த அறிவித்தல்கள் பின்னர் லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டன. இலங்கை விவகாரத்தை விசாரிக்க 1849 இல் பாராளுமன்றம் ஒரு தெரிவுக்குழுவை அமைத்திருந்தது. அங்கே இந்தக் காகிதங்கள் வெளியே வந்ததும் கப்டன் வொட்சன், அது என் கையெழுத்தே அல்ல, யாரோ போலியாக வைத்தது என்று மறுத்தார். கையெழுத்து உண்மையா பொய்யா என்று பார்க்கவே விசாரணையாளர்களை இலங்கைக்கு அனுப்ப வேண்டி வந்தது. 1850 இல் டொரிங்டன் பிரபு பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார்.

கையெழுத்துச் சண்டையில் யார் வென்றார் என்பது சரித்திரம் படிப்பவர்களுக்கு. எனக்கு நினைவில் நிற்பது வேறு. பெரிய பெரிய கனவான்கள் மேசையைச் சுற்றி இருந்து, எழுத்துக்களை ஒப்பிட்டுப் பார்த்து, மாதக்கணக்கில் சண்டை பிடித்த அந்தக் கையெழுத்தை, மாத்தளைக் கிராமத்தில் ஒரு பெண் ஒரு நொடியில் நம்பத்தான் வேண்டியிருந்தது. அவளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு காகிதம் இல்லை. கேட்பதற்கு நீதிமன்றமும் இல்லை. பட்டாளத்துக்காரன் நீட்டினான், அவள் பயந்தாள்.

பெயரில்லாத ஆணை

ஆட்சியாளரின் ஆள் கதவைத் தட்டினால் திறந்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் இருந்ததுதான். 1762 இல் ஜோன் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டுக்குள் அரசரின் ஆட்கள் புகுந்தார்கள். அமைச்சர் ஒருவர் கையெழுத்திட்ட ஆணை அவர்களிடம் இருந்தது. நாலு மணித்தியாலம் பெட்டி, அலுமாரி எல்லாம் உடைத்துக் காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். மனுஷன் சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டார். 1765 இல் பிரதம நீதியரசர் காம்டன் பிரபு சொன்ன தீர்ப்பு, அமைச்சர் கையெழுத்து வைத்தார் என்பதற்காக ஓர் ஆணை சட்டமாகிவிடாது, இப்படிச் செய்ய எந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது என்று காட்டுங்கள், காட்ட முடியாவிட்டால் அது வெறும் அத்துமீறல் என்ற கருத்தில் அமைந்தது. புகுந்தவர்கள் நட்டஈடு கட்ட வேண்டி வந்தது. அதே காலத்தில் ஜோன் வில்க்ஸ் என்பவரின் விவகாரத்தில், ஆளின் பெயரே எழுதாமல் 'இதை எழுதியவர், அச்சிட்டவர், வெளியிட்டவர்' என்று பொதுப்படையாக வழங்கிய ஆணையைக் கொண்டு பல பேரைப் பிடித்ததும் சட்டத்துக்கு மாறானது என்று முடிவானது.

இது நடந்து 80 வருடங்களுக்குப் பிறகுதான் மாத்தளை விவகாரம். தங்கள் ஊரில் 1765 இல் ஒதுக்கிய வழியை, இங்கே 1848 இல் தாராளமாகக் கையாண்டார்கள்! வெள்ளைக்காரரின் நீதியைப் பற்றி நம் மூத்தவர்கள் சிலர் பெருமையாகப் பேசும்போது எனக்கு இது ஞாபகம் வரும்.

நம்முடைய மார்க்கத்தில் இதற்கு வேர் இன்னும் ஆழம். பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லித்தான் நுழைய வேண்டும் என்பது சூரா நூரின் போதனை. ஆட்சியாளருக்கு இதில் விலக்கு இருக்கிறதா? கலீபா உமர் (ரழி) அவர்களைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு சம்பவம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இரவில் நகரைச் சுற்றி வரும்போது ஒரு வீட்டுக்குள் தகாத சத்தம் கேட்டு, மதிலேறிக் குதித்து, ஒருவரைக் கையும் களவுமாகப் பிடித்தார்களாம். பிடிபட்டவர் பயப்படாமல், நான் செய்தது ஒரு தவறு, நீங்கள் செய்தது மூன்று, ஒளிந்திருந்து பார்த்தீர்கள், வாசல் வழியே வரவில்லை, ஸலாம் சொல்லவில்லை என்றாராம். கலீபா அவரை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். குற்றம் குற்றம்தான். ஆனாலும் அதைப் பிடிக்கப் போகும் வழியும் நேராக இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்து மக்களுக்குத் தெரிந்திருந்தது.

மூன்று காகிதங்கள், மூன்று அர்த்தங்கள்

நம் ஊரில் நீதிமன்றத்திலிருந்து எது வந்தாலும் 'வாரண்டு' என்றுதான் சொல்வோம். சிங்களப் பழக்கத்தில் 'வரெந்துவ' என்பவர்களும் உண்டு. உண்மையில் பெரும்பாலும் முதலில் வருவது அழைப்பாணை. இந்தத் திகதியில், இந்த நீதிமன்றத்துக்கு வாருங்கள் என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. அதைக் கொண்டுவந்தவர் யாரையும் பிடித்துக்கொண்டு போக முடியாது. உரியவர் அகப்படாவிட்டால் வீட்டிலுள்ள வளர்ந்தவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகவும் இடமுண்டு. இங்கேதான் நம் வீடுகளில் ஒரு கெட்ட பழக்கம். பயத்தில் வாங்க மறுப்பது, வாங்கினால் குர்ஆன் தட்டுக்குப் பின்னால் செருகிவிட்டு மறந்துபோவது. 'அவர் வெளிநாட்டிலிருந்து வந்ததும் பார்த்துக்கொள்வார்' என்று விடுவது. அழைப்பாணையைப் பெற்றும் வராதவருக்கு நீதவான் அடுத்தபடியாக எழுதுவது பிடியாணை. தபால்காரர் கொண்டுவரும் கடிதத்தைப் போல வந்த ஒன்றை, பொலிஸ் ஜீப்பில் வரும் ஒன்றாக நாமே மாற்றிக்கொள்கிறோம்.

பிடியாணைதான் உண்மையான வாரண்டு. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி அது எழுத்தில் இருக்க வேண்டும், நீதிபதி கையெழுத்திட்டிருக்க வேண்டும். அதை நிறைவேற்ற வருபவர், அதில் என்ன இருக்கிறது என்பதைப் பிடிக்கப்படுபவருக்குச் சொல்ல வேண்டும். அவர் காட்டச் சொல்லிக் கேட்டால் காட்ட வேண்டும். கேட்பது எதிர்ப்பது ஆகாது. ஆகவே மரியாதையாகக் கேளுங்கள்: எந்த நீதிமன்றம், யாருடைய பெயர், வழக்கு இலக்கம் என்ன? இந்த மூன்றையும் பிள்ளையின் கொப்பியிலாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பது சாதாரணம். வாப்பாவின் பெயரும் முகவரியும் சரிதானா என்று பார்ப்பது அநாவசியமான வேலை அல்ல.

இன்னொன்று. பிடியாணைக்கு வயது போவதில்லை. நிறைவேற்றப்படும்வரை அல்லது அதை வழங்கிய நீதிமன்றம் ரத்துச் செய்யும்வரை அது உயிரோடு இருக்கும். ஆறு வருடத்துக்கு முந்தியது, இனி யார் தேடப் போகிறார்கள் என்று இருந்துவிடக் கூடாது.

மூன்றாவது தேடுதல் ஆணை. இது ஆளைப் பிடிக்க அல்ல, பொருளைத் தேட. எந்த இடம், எதைத் தேடுவது என்பது அதில் இருக்கும். தேடும்போது வீட்டுக்காரர் கூட நின்று பார்க்கலாம். எடுத்துப்போகும் பொருட்களுக்கு ஒரு பட்டியல் எழுதப்பட வேண்டும்; அதன் பிரதியை நீங்கள் கேட்டு வாங்கலாம். ஒரு பெண்ணின் உடம்பைச் சோதிக்க வேண்டி வந்தால் இன்னொரு பெண்தான், கண்ணியத்தோடு, சோதிக்க வேண்டும். இது எவருடைய தயவும் அல்ல, சட்டத்தில் எழுதப்பட்டிருப்பது.

காகிதம் இல்லாமல் வந்தால்?

இங்கே பலர் தவறாக விளங்கி வைத்திருக்கிறார்கள். 'வாரண்டு இல்லாமல் தொட முடியாது' என்று வீராப்புப் பேசும் நானாமாரை நீங்களும் கண்டிருப்பீர்கள். அது பாதிதான் சரி. களவு, கொலை, கடும் காயம் போன்ற பல குற்றங்களில் நியாயமான முறைப்பாடோ நம்பத்தகுந்த தகவலோ நியாயமான சந்தேகமோ இருந்தால், பொலிஸார் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். சிறிய குற்றங்கள் பலவற்றுக்கு அப்படி முடியாது. எது எந்த வகை என்று சட்டக்கோவையின் அட்டவணையில் ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறது. அதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

மனதில் வைக்க வேண்டியது வேறொன்று. காகிதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காரணம் சொல்லப்பட வேண்டும். அரசியலமைப்பின் 13 ஆவது உறுப்புரை சொல்வது இதைத்தான்: சட்டத்தில் சொன்ன முறைப்படியல்லாமல் எவரையும் கைது செய்யக் கூடாது, கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் அறிவிக்கப்பட வேண்டும். சாதாரணச் சட்டத்தின்கீழ், நீதவான் முன்னால் கொண்டுபோகாமல் 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, பயண நேரம் மட்டும் இதில் சேராது. ஆகவே 'விசாரிக்கக் கூட்டிப் போகிறோம், இப்போ வந்துவிடுவார்' என்று சொல்லிக் கூட்டிப்போனால், எந்தப் பொலிஸ் நிலையம் என்று கேட்டு, மணியைப் பார்த்து வையுங்கள். கூட்டிப்போகிறவர் சிவில் உடுப்பில் இருந்தால் அவருடைய அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். கதவை அடைத்துக்கொண்டு கூச்சல் போடுவதில் பயன் இல்லை. பிடிக்கப்பட வேண்டியவர் உள்ளே இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்து, வழி விடும்படி கேட்டும் விடாவிட்டால், கதவை உடைத்து நுழையவும் சட்டம் இடம் கொடுக்கிறது. நஷ்டம் கதவுக்குத்தான்.

பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் எழுதுவார்கள். அது பெரும்பாலும் சிங்களத்தில்தான் எழுதப்படும். தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் 13 ஆவது திருத்தம் வந்த பிறகும் நடைமுறை அப்படித்தான். நம் பெண்கள் பலர் சிங்களம் நன்றாகப் பேசுவார்கள், வாசிக்க வராது. பேசத் தெரியும் என்ற தைரியத்தில் வாசிக்காமல் கையெழுத்து வைத்துவிடுவார்கள். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், விளங்காத இடத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் சொல்லாதது இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். நான்கு சில்லறைக் கடனுக்குக்கூட எழுத்தும் சாட்சியும் வேண்டும் என்று கற்றுத்தந்த மார்க்கத்தில் இருந்துகொண்டு, நம் சொந்தச் சொல்லுக்கு வாசிக்காமல் கையெழுத்து வைக்கலாமா?

பயத்தின் காலங்கள்

இந்த விதிகளெல்லாம் அமைதிக் காலத்தில் ஒழுங்காக நடக்கும். அவசரகாலம் வந்தால் முதலில் உடைவது இவைதான். 1987 முதல் 1989 வரை மாத்தளை என்ன பாடுபட்டது என்பதை வயதானவர்களிடம் கேளுங்கள். ஒரு பக்கம் ஜே.வி.பி.யின் துண்டுப் பிரசுரம். கையெழுத்தே இல்லாத அந்தக் காகிதத்துக்குப் பயந்து கடைகள் மூடின. மறுபக்கம் அவசரகால விதிகளின்கீழ் வந்த வாகனங்கள். இரவில் கூட்டிப்போன பிள்ளைகளை யார் கூட்டிப்போனார், எங்கே வைத்தார் என்பதற்கு எழுத்தில் எதுவும் இல்லை. 1994 இல் காணாமல் போனோர் பற்றி விசாரிக்க மூன்று ஜனாதிபதி ஆணைக்குழுக்கள் அமைக்கப்பட்டபோது, மத்திய மாகாணத்தையும் உள்ளடக்கிய ஆணைக்குழுவின் முன்னால் தாய்மார்கள் சாட்சி சொல்லப் போனார்கள். 2012 நவம்பரில் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிவந்தன. எண்ணிக்கை 150 ஐத் தாண்டியது. அவை எந்தக் காலத்தவை என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. ஆனால் அந்தச் செய்தி வந்ததும் எத்தனையோ உம்மாமாரும் அம்மாமாரும் அந்த வளவை நோக்கிப் பார்த்தார்கள் அல்லவா? பிள்ளையைக் கூட்டிப்போன அன்று ஒரு துண்டுக் காகிதம், ஒரு பெயர், ஒரு நிலையத்தின் முத்திரை கையில் இருந்திருந்தால், இருபது வருடத்துக்குப் பிறகு எலும்பைப் பார்த்து அழ வேண்டிய நிலை வந்திருக்காது.

நமக்கே அது வந்தது 2019 இல். ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அவசரகாலச் சட்டம் வந்து, ஓகஸ்ட் வரை இருந்தது. முஸ்லிம் வீடுகளில் தேடுதல்கள் நடந்தன. அரபெழுத்து இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையின் மத்ரஸாப் புத்தகத்தைக்கூட எங்கே ஒளிப்பது என்று திகைத்த நாட்கள் அவை. அந்த மே மாதம் ஹசலகையில் ஒரு சகோதரி கைதானார். அவர் உடுத்தியிருந்த உடுப்பில் கப்பலின் சுக்கான் சக்கரப் படம். அதைத் தர்மச் சக்கரம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஜூன் மாதம் பிணை கிடைக்கும்வரை அவர் விளக்கமறியலில் இருந்தார். அவர் அதோடு விட்டுவிடவில்லை, உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2023 இல் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பாகி, கைது செய்த நிலையத்தின் பொறுப்பதிகாரி 30,000 ரூபா நட்டஈடு கட்டும்படி கட்டளை வந்தது. தொகை சிறியது என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் 1848 இல் மாத்தளைப் பெண்ணுக்குக் கேட்க இடமே இருக்கவில்லை, இவருக்கு இருந்தது.

அந்த இடத்துக்குப் போக ஒரு கெடு உண்டு, அதை மறந்துவிட வேண்டாம். உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழு 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. தொலைபேசி இலக்கமும் 1996 தான், ஞாபகம் வைப்பது சுலபம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கதை வேறு. 1979 இல் தற்காலிகம் என்று வந்த அந்தச் சட்டம் பிடியாணை இல்லாமல் கைது செய்யவும், நீதிபதியின் கட்டளைக்குப் பதிலாக அமைச்சரின் கட்டளையில் நீண்ட காலம் தடுத்து வைக்கவும் இடம் கொடுத்தது. 18 மாதம் என்றிருந்த எல்லையை 2022 இல் 12 மாதமாகக் குறைத்தார்கள். இப்படியான கைதாக இருந்தால் கைது செய்தவர் உறவினருக்கு எழுத்தில் ஒரு துண்டு கொடுக்க வேண்டும் என்று 2006 இல் ஜனாதிபதியின் பணிப்புரை வெளிவந்தது. கேட்காதவருக்கு அது கிடைக்காது.

காதியாரின் கட்டளைக்கு எவ்வளவு பலம்?

இதுவரை நமக்கு எதிராக வரும் காகிதத்தைப் பற்றிப் பேசினோம். நமக்காக வரும் காகிதமும் உண்டு. மாத்தளையில் தலாக் சொல்லப்பட்டு அல்லது கைவிடப்பட்டு, பிள்ளைகளோடு உம்மா வீட்டில் இருக்கும் சகோதரிகள் கேட்பது ஒரே கேள்வி: "காதியார் தாபரிப்புக் கட்ட உத்தரவு போட்டார். அவர் ஒரு மாசம் தந்தார், பிறகு தரவில்லை. காதியார் சொன்னதுக்கு மதிப்பில்லையா?"

மதிப்பு உண்டு. அதை வாங்கும் வழிதான் பலருக்குத் தெரியாது. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்கீழ் நீதிச்சேவை ஆணைக்குழு நியமிப்பவர் காதி. தாபரிப்பு, இத்தாக்காலச் செலவு, மஹர், கைக்கூலி இவற்றில் அவர் கட்டளை இடலாம். ஆனால் அவரிடம் பொலிஸும் இல்லை, சிறைச்சாலையும் இல்லை. கட்டாதவரைப் பற்றி நீங்கள் திரும்பவும் காதியாரிடம் சொன்னால், நிலுவைத் தொகையை எழுதி நீதவான் நீதிமன்றத்துக்கு அவர் அனுப்ப முடியும். அங்கே அந்தத் தொகை, நீதவான் விதித்த அபராதத்தைப் போல அறவிடப்படும். அபராதம் கட்டாதவருக்கு என்ன நடக்குமோ அதுவே இவருக்கும். பள்ளிவாசல் நிர்வாகத்தைக் கூட்டிப் பேசியும் மசியாத எத்தனையோ பேர், நீதிமன்றத்தின் காகிதம் வந்ததும் நிலுவையைக் கட்டுவதுண்டு. காதியாரின் கட்டளையின் பிரதியையும், வந்த காசுக்கும் வராத காசுக்கும் மாதவாரியாக ஒரு கணக்கையும் நீங்கள் வைத்திருக்க வேண்டும். "தரல்லே" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த மாதம், எவ்வளவு என்று சொல்ல வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கிராம உத்தியோகத்தரின் கடிதம், பள்ளிவாசல் தலைவரின் கடிதம், ஊர்ப் பெரியவரின் சொல், இவையெல்லாம் மரியாதைக்கு உரியவை. ஆனால் வீட்டை விட்டு வெளியேறு என்றோ, பிள்ளையை ஒப்படை என்றோ ஒரு பெண்ணுக்கு உத்தரவிடும் அதிகாரம் அந்தக் கடிதங்களில் இல்லை. அதற்கு நீதிமன்றத்தின் கட்டளை வேண்டும்.

தொலைபேசியில் வரும் 'அதிகாரி'களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 'உங்கள் மகன் பிடிபட்டிருக்கிறான், காசு அனுப்பினால் விட்டுவிடுவோம்' என்று சொல்பவர் எந்த நிலையத்தின் பெயரைச் சொன்னாலும், தொலைபேசியை வைத்துவிட்டு அந்த நிலையத்துக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கள். பிடியாணையைத் தொலைபேசியில் நிறைவேற்றவும் முடியாது, காசுக்கு ரத்துச் செய்யவும் முடியாது.

உண்மையான பிடியாணை ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் ஒளிந்து திரிய வேண்டாம். வழக்கு இலக்கத்தோடு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். பிடிபடும்வரை காத்திராமல், அவர் மூலம் அந்த நீதிமன்றத்திலேயே தாமாக முன்னிலையாகி, வராமல் போன காரணத்தைச் சொன்னால், பிடியாணையை மீளப்பெறும்படி நீதவானிடம் கேட்கலாம். சுகமில்லாமல் இருந்தால் வைத்தியரின் சான்றிதழ், வெளிநாட்டில் இருந்திருந்தால் கடவுச்சீட்டில் விழுந்த முத்திரைகள் கையில் இருக்கட்டும். 1997 ஆம் ஆண்டின் பிணைச் சட்டத்தில் பிணை கொடுப்பதுதான் வழமை, மறுப்பது விதிவிலக்கு. பிணைக்கு நிற்பவர் தம்முடைய அடையாள அட்டையோடும், நீதிமன்றம் கேட்டால் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழோடும் வர வேண்டியிருக்கும். மாத்தளை, தம்புள்ளை நீதவான் நீதிமன்றங்களில் காலையிலேயே சனம் கூடிவிடும். ஆகவே காகிதங்களை முதல் நாள் இரவே ஒரு பையில் போட்டு வைத்துவிட்டு, சுபஹுக்குப் பிறகு புறப்படுங்கள்.